தாசில்தார் முன்னால் நான் ஒப்பித்த இருபது பெயர்கள்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மகளின் ஆங்கில இலக்கண நோட்டை நான் திறப்பதில்லை. ‘நவுன்’ என்ற தலைப்பைப் பார்த்தாலே இன்றும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

நான் ஏழாவது படித்தபோது, ஒருவர் இவ்வளவு நிலம்தான் வைத்துக்கொள்ளலாம் என்ற நில உச்சவரம்புச் சட்டம் வந்திருந்தது. அப்பா ஊர் மிராசுதாரிடம் நிலபுலன்களைப் பார்த்துக்கொள்ளும் ஏஜெண்ட். நாங்கள் குடியிருந்த வீடும் மிராசுதாருடையதே. சட்டம் வந்ததும் அந்த மகராசனுக்குத் திடீரென்று தாராள மனசு பொங்கி, சமையற்காரர் முதல் வண்டிக்காரர் வரை எல்லார் பெயரிலும் நிலம் எழுதிவைத்தார். (அவர்களிடம் சொல்ல மட்டும் மறந்துவிட்டார், பாவம்.)

அந்த வாரம்தான் இங்கிலீஷ் சார் பாடம் நடத்தினார். “ஆளு, ஊரு, பொருளு, குணம், எதுக்குப் பேர் இருக்கோ அந்தப் பேர்தான் நவுன். ‘வயல்’னா எல்லா வயலுக்கும் பொது. அது காமன் நவுன். நீடாமங்கலம்னா ஒரே ஊரு. அது ப்ராப்பர் நவுன், முதல் எழுத்தைப் பெரிசாப் போடணும். நாளைக்கு ஆளுக்கு இருபது ப்ராப்பர் நவுன் எழுதிட்டு வாங்க.”

இருபது பெயரை உட்கார்ந்து யோசிக்க என்னைப் போன்ற மேதைக்கு ஏது நேரம்? அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு தாள் கிடந்தது. சரியாக இருபது பெயர். ஒன்பதாவது என் பெயர் வேறு! முதல் எழுத்துகளைப் பெரிதாகப் போட்டு எழுதி, மனப்பாடமும் செய்துகொண்டேன்.

மறுநாள் நில விசாரணைக்கு வந்த தாசில்தார் எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் முகாம் போட்டார். எதிரே மிராசுதார், அவருக்குப் பின்னால் அப்பா. சார் சும்மா இருப்பாரா? “நம்ம பிள்ளைங்க இங்கிலீஷைக் கொஞ்சம் கேளுங்க சார்” என்று என்னை முன்னால் தள்ளிவிட்டார்.

முழங்கினேன். நாலாவது பெயரில் அப்பா இருமினார். ஆறாவதில் மிராசுதாரும் இருமினார். தூசி போலிருக்கிறது என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

தாசில்தார் தன் ஃபைலைப் புரட்டினார். “வரிசைகூட மாறலையே! பாப்பா, மலர்க்கொடின்னு சொன்னியே, அது யாரு?”

“நான்தாங்க சார்.”

“ஒன் பேர்ல ஒரு வேலி நிலம், ஏழு ஏக்கர் கிட்ட, இருக்கே, தெரியுமா?”

“எங்களுக்குக் கொல்லையே கிடையாதுங்க சார். இந்தப் பேரெல்லாம் அப்பா பெட்டியிலேர்ந்து எடுத்தது.”

இருமல் நின்றது.

சாயங்காலத்துக்குள் அப்பாவுக்கு வேலை போயிற்று, வீடும் போயிற்று. நிலம் பிறகு அதில் பாடுபட்டவர்களுக்கே போய்ச் சேர்ந்தது. (என்னால் நடந்த ஒரே நல்ல காரியம், அதுவும் தெரியாமல்.) அப்பா என்னை அடிக்கவில்லை. மூன்று மாதம் பேசவில்லை. அடித்திருக்கலாம்.

இப்போது என் மகள் இலக்கண நோட்டோடு உட்கார்ந்தால், அப்பா முதலில் எழுந்துபோய்த் தன் பெட்டியைப் பூட்டுவார். பிறகுதான் பேத்தியிடம் கேட்பார்: “காமன் நவுன் மட்டும் எழுதினாப் போதுமான்னு டீச்சரைக் கேட்டியாம்மா?”