முழுப்பாட்டும் கேட்டால்தான் அண்ணாச்சி

திருவனந்தபுரத்தில் மந்திரியைக்கூடப் போனில் பிடித்துவிடலாம். சாலை என்கிற கடைத்தெருவில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் செய்த காலர்ட்யூன் அண்ணாச்சியைப் பிடிக்க முடியாது. பிடித்தவன் எவனும் நல்ல புத்தியோடு பேசியதும் இல்லை. அவருடைய சொந்தப் பெயர் அவர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும்.

நான் அங்கே லாரி புக்கிங் ஆபீஸில் இருபது வருஷமாக உட்கார்ந்து தேய்கிறவன். ஊர் நாகர்கோவில் பக்கம், சிடுசிடுப்பு கூடவே பிறந்தது. வத்தல் லோடு வந்து இறங்கினால் அண்ணாச்சிக்குச் சொல்ல வேண்டியது என் தலைவிதி. அவர் குடோன் இரண்டு சந்து தள்ளி. நடந்து போய்ச் சொன்னால் என்ன என்பீர்கள். காலை பத்து மணிக்குச் சாலைக்குள் இரண்டு சந்து நடந்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசுவோம்.

போன் போட்டால் காதில் பாட்டு வரும். அதுவும் காதல் பாட்டு. முன்னே மலையாள டிவியில் டியூஷன் சென்டர் பிள்ளைகள் அடிக்கிற கூத்தை வைத்து ஒரு காமெடி சீரியல் வந்தது. அதில் மீசை முளைக்காத பையன் ஒருவன் பக்கத்து பெஞ்சுப் பெண்ணை நினைத்து உருகுகிற பாட்டு. ‘ஒண்ணு விளிச்சூடே’ என்று ஆரம்பிக்கும், ஒரு தடவை கூப்பிடக் கூடாதா என்று அர்த்தம். கூப்பிட்டுக்கொண்டிருக்கிறவனிடமே அப்படிக் கேட்டால் அவனுக்கு எப்படி இருக்கும்? பல்லைக் கடித்துக்கொண்டு முழுசும் கேட்டால், மணி அடித்து ஓயப் போகிற நேரத்தில் அண்ணாச்சி எடுத்து, “ஆரு?” என்பார். நடுவில் எடுத்ததாகச் சரித்திரமே கிடையாது.

இந்தப் பாட்டால் தெருவில் நடக்காத கூத்தில்லை. அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் செத்த சேதியைச் சொல்ல ஒருத்தன் அழுதுகொண்டே கூப்பிட்டான். பாட்டு முடிவதற்குள் அழுகை நின்று தாளம் போட ஆரம்பித்துவிட்டான். இன்னொரு புரோக்கர் கையை வைத்துக்கொண்டு சும்மா இராமல் ஸ்டார் பட்டனை அமுக்க, அதே பாட்டு அவன் போனிலும் ஒட்டிக்கொண்டது. ஐம்பது வயசில் இவருக்கு என்ன காதல் பாட்டு என்று அவன் வீட்டில் ஒரு வாரம் உலை வைக்கவில்லை.

பாட்டை வைத்தது அண்ணாச்சியின் மகள். சம்சாரம் சின்ன வயசிலேயே போய்விட்டதால் அந்தப் பெண்ணை அவர் ஒற்றையாகத்தான் வளர்த்தார். பிளஸ் டூ படிக்கும்போது சீரியல் பைத்தியம். விளையாட்டாய் அப்பா போனில் அந்தப் பாட்டை ஏற்றி, பாட்டு முடிகிற வரைக்கும் எடுக்கக் கூடாது என்று ஒரு கட்டளையும் போட்டாள். மகள் பேச்சைத் தட்டாத மனுஷன். சீரியல் நேரத்தில் டிவியில் புள்ளி விழுந்தால் வியாபாரத்தைப் போட்டுவிட்டுக் கேபிள்காரனுக்குப் போன் அடிப்பார். வித்துராவிலிருந்து வேலைக்கு வந்த கேபிள்காரப் பையனும் வந்து வந்து பார்த்தான். டிவி சரியானது. மகள் அவனோடு போய்விட்டாள்.

அண்ணாச்சி கோட்டைக்குப் பக்கத்துப் பிள்ளையார் முன்னால் தேங்காய் உடைத்து, இனி அவளிடம் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று சத்தியம் பண்ணினார். சத்தியத்துக்குச் சாட்சியாக என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சரி, போன பெண்ணோடு பாட்டும் போயிற்று என்று தெருவே நம்பியது. பாட்டு போகவில்லை.

ஐந்து வருஷம் பொறுத்தோம். கடைசியில் டீக்கடையில் நாலு வியாபாரிகள் கூடி, அண்ணாச்சியின் நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டால் நம்பர் அதேதான் இருக்கும், பாட்டு தானே ஒழியும் என்று கண்டுபிடித்தார்கள். பூனைக்கு மணி கட்ட என்னைப் பிடித்தார்கள். குடோனுக்குள் டவர் நன்றாகக் கிடைக்கும் என்று நான் அண்ணாச்சியிடம் அளந்தேன். அவர் நம்பி விரல் ரேகை வைத்தார். புது சிம் வேலை செய்ய ஆரம்பித்ததும் அவருக்குப் போன் போட்டுப் பார்த்தேன். வெறும் மணிச் சத்தம். அன்றைக்கு அந்த நாலு வியாபாரிகளும் தெருவில் எல்லாருக்கும் பழம்பொரி, அதான் வாழைப்பழ பஜ்ஜி, வாங்கிக் கொடுத்தார்கள், நானும் இரண்டு தின்றேன்.

அண்ணாச்சிக்கு இது தெரிய வழியில்லை. காலர்ட்யூன் கூப்பிடுகிறவன் காதில்தான் விழும், போன் வைத்திருக்கிறவனுக்குக் கேட்காது. அவர் பழைய வழக்கப்படி மணி ஓயும் மட்டும் காத்திருந்தே எடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் போனைக் கையில் பிடித்துக்கொண்டு என் ஆபீஸுக்கு வந்தார். சவரம் பண்ணாத முகம். போன் கெட்டுப்போச்சா என்று ஒருதரம் அடித்துப் பாரும் என்றார். எதற்கு அண்ணாச்சி என்றேன். பெஞ்சில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“தெனமும் நாலு மணிக்கு மக நம்பர்ல இருந்து போன் வரும்வே. நான் எடுக்க மாட்டேன், சத்தியம் இருக்குல்லா. கட் பண்ணவும் மாட்டேன். அவ முழுப்பாட்டையும் கேட்டுட்டு வச்சிருவா. அஞ்சு வருஷமா இதான் நடக்கு. நீரு சிம்மு மாத்தின அன்னைக்கு வந்துச்சு, பாதியிலேயே வச்சிட்டா. அதுக்கப்புறம் வரல.”

அவர் போனுக்கு அடித்து, என் போனை ஸ்பீக்கரில் வைத்தேன். வெறும் மணிச் சத்தம் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. பாட்டு எங்கவே என்றார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். டீக்கடையில் நடந்த பேச்சை, டவர் பொய்யை, பழம்பொரியைக்கூடச் சொன்னேன். ஏசுவார், அடிக்கவும் செய்வார் என்று இருந்தேன். செய்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“அப்பன் பாட்டை எடுத்துட்டான், அத்து விட்டுட்டான்னுல்லா பிள்ள நெனச்சிருக்கும்” என்றார் மெதுவாக.

புதுக் கம்பெனியில் கேட்டோம். அந்தச் சீரியல் பாட்டு அவர்கள் லிஸ்டிலேயே இல்லை. பழையதுக்குத் திரும்ப மூன்று மாசம் ஆகும், அங்கேயும் அந்தப் பாட்டை எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். நீங்களே மகளைக் கூப்பிட்டால் என்ன என்றேன். சாமி முன்னால் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று சொன்னவன், சாட்சி நீர் இருக்கீரே என்றார்.

மறுநாள் நாலு மணிக்குத் திரும்ப வந்தார். என் முன்னாலேயே உட்கார்ந்து மகள் நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கம் மகள் எடுத்தாள். முன்னே மகளோடு உட்கார்ந்து டிவியில் கேட்ட அந்தப் பாட்டை, அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தார். நாற்பது வருஷம் வத்தல் நெடியில் வெந்த தொண்டை. மலையாளம் திருநெல்வேலி வழியாகச் சுற்றி வந்தது. ராகம் எங்கே போயிற்றோ தெரியாது. லோடு இறக்கிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையோடு நின்றுவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் பாடினார். பேசவில்லை, பாடினார், அவ்வளவுதான்.

அந்தப் பக்கமிருந்து மகள் குரல் வந்தது.

“அப்பா, சாப்டாச்சோ?”

அண்ணாச்சி போனை என் கையில் திணித்தார். “சாப்பிட்டாச்சுன்னு சொல்லும்வே.”

சொன்னேன். அன்றைக்குப் பிடித்தது சனி. இரண்டு வருஷம், தினம் நாலு மணிக்கு, என் மேஜையில்தான் இந்தக் கச்சேரி. அவர் பாடுவார், அவள் கேட்பாள். ஸ்பீக்கரில் அவள் பேசுவது அவர் காதில் விழும், ஆனாலும் நான் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் பதிலை என்னிடம் சொல்வார், அதை நான் அவளிடம் சொல்ல வேண்டும். பிரஷர் மாத்திரை, கால் வீக்கம், வித்துராவில் மழை, எல்லாம் என் வாய் வழியாகத்தான். அவள் முழுகாமல் இருக்கிற சேதியையும் நான்தான் சொன்னேன். அண்ணாச்சி அன்றைக்கே பஸ்ஸில் ஒரு மூட்டை வத்தல் அனுப்பி வைத்தார். மசக்கைக்காரிக்கு எவனாவது வத்தல் மூட்டை அனுப்புவானா? அவருக்குக் கொடுக்கத் தெரிந்தது அதுதான்.

பேத்தி பிறந்ததும் மனுஷன் ஆடிப்போனார். சத்தியத்தை முறிக்க வழி உண்டா என்று கோயிலில் போய்க் கேட்டார். நூற்றொரு தேங்காய் உடைத்துச் சாமியிடம் சொல்லிவிட்டால் போதும் என்றார்களாம். வெள்ளிக்கிழமை உடைப்பதாக ஏற்பாடு. தேங்காயெல்லாம் என் ஆபீஸ் மூலையில்தான் அடுக்கியிருந்தது. புதன்கிழமை குடோனில் விழுந்துவிட்டார். பக்கவாதம், வலது பக்கமும் பேச்சும் போயிற்று.

மகள் கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஏழு வருஷம் கழித்து ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். அண்ணாச்சி வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. இரண்டு மூன்று தரம் முயன்றார். அப்புறம், பழக்கதோஷம், என் பக்கம் திரும்பிப் பார்த்தார். எனக்கு என்ன தெரியும்? இத்தனை நாளும் அவர் சொன்னதைத்தான் சொன்னேன், ஓரெழுத்து கூட்டியதில்லை.

“அப்பாவை மன்னிச்சிரு மக்களேன்னு சொல்றார்” என்றேன்.

“எனக்குத் தெரியும் மாமா” என்றாள் அவரைப் பார்த்துக்கொண்டே. அண்ணாச்சி கண்ணை மூடித் தலையை ஒருதரம் ஆட்டினார்.

மூன்றாம் நாள் போய்விட்டார். கடைத்தெருவே சேர்ந்து ஏசிய ஒரு மனுஷனுக்கு வாயாக இருக்கிற வேலை எனக்குக் கிடைத்தது. அதைவிட நல்ல வேலையை இதுவரை யாரும் என்னை நம்பித் தந்ததில்லை.