ஆறடிச் சட்டமும் ஒரு மில்லியும்

கொரோனாவால் உலகம் அடைந்த நன்மைகளை நாளை யாராவது வரலாறாக எழுதப் புகுந்தால், முதல் அத்தியாயத்தைப் புதுச்சேரியில், எங்கள் சங்கத்து மைதானத்தில்தான் தொடங்கியாக வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் கட்டுப்பாடுகளை வேண்டாவெறுப்பாகச் சகித்துக்கொண்டார்கள். சமயம் வாய்த்ததும் முகக்கவசத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் திணித்துவிட்டு டீக்கடைக்கு ஓடினார்கள். நாங்கள் மட்டும்தான் அவற்றை "வாழ்க்கை நெறி"யாக ஏற்று, நிரந்தரமாக்கித் தீர்மானம் போட்டோம். தீர்மானத்தை எழுதிய கை என்னுடையது. பெயர் நெடுமாறன், கௌரவச் செயலாளர். சம்பளம் கிடையாது. ரப்பர் ஸ்டாம்ப் உண்டு.

எங்களுடையது பெத்தாங்க் சங்கம். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறியபோது விட்டுவிட்டுப் போன ஆட்டம் அது. விளக்குவது சுலபம். சரளைத் தரையில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு மரப்பந்தை எறிவார்கள். அதற்குக் கொஷோனே என்று பெயர். பன்றிக்குட்டி என்று அர்த்தமாம். பிறகு இரண்டு கட்சியும் இரும்புக் குண்டுகளை அதை நோக்கி வீச வேண்டும். எந்தக் கட்சியின் குண்டு கொஷோனேவுக்குக் கிட்டத்தில் நிற்கிறதோ, அந்தக் கட்சிக்குப் புள்ளி. முதலில் பதின்மூன்று எடுத்தவர்கள் ஜெயித்தவர்கள்.

எது கிட்டத்தில் என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன செய்வது? கொரோனாவுக்கு முந்தைய காட்டுமிராண்டிக் காலத்தில் எல்லோரும் குனிவார்கள். ஆடுகிறவர் குனிவார், எதிராளி குனிவார், வேடிக்கை பார்க்க வந்தவர் குனிவார், சுண்டல் விற்கிறவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குனிவார். பத்துத் தலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஒருவர் துடைப்பக்குச்சியை ஒடித்து அளப்பார், இன்னொருவர் அரைஞாண் கயிற்றை அவிழ்க்கப் போவார். "யோவ், உன் கண்ணுல இன்னா கொள்ளிக்கட்டையா?" என்பது போன்ற தொழில்நுட்பக் கருத்துகள் பரிமாறப்படும். எவ்வளவு எச்சில், எவ்வளவு மூச்சுக்காற்று! நினைத்தாலே இப்போது கை தானாகச் சானிடைசரைத் தேடுகிறது.

இந்த இருளிலிருந்து எங்களை மீட்டவர் தலைவர் முசியே எதுவார். முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருஷம் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து பென்ஷனோடு திரும்பியவர். அங்கே சமையல்கட்டில்தான் இருந்தார் என்று சிலர் சொல்வது வெறும் பொறாமை. 2020-இன் கடைசியில் மைதானத்தை மறுபடி திறந்தபோது, அவர் தம் கையாலேயே ஒரு பலகையில் விதிகளை எழுதி வேப்பமரத்தில் ஆணியடித்தார்.

கை குலுக்கக் கூடாது. தூர நின்று சல்யூட் அடிக்க வேண்டும். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் சுண்ணாம்பால் ஒரு வட்டம். வீசும் முறை வந்தாலொழிய வட்டத்தை விட்டு வரக் கூடாது. கடைசிக் குண்டு விழுந்த பிறகு அளவை அறிவிக்கும்வரை அசையவே கூடாது. கொஷோனேவுக்கு ஆறடிக்குள் "அளவு அதிகாரி" தவிர எவரும் நெருங்கக் கூடாது. மனிதனுக்கு மனிதன் ஆறடி. எக்காரணத்தாலும் எவருக்கும் விலக்கில்லை.

"எவருக்கும்னா, தலைவருக்கும்னு சேத்து எழுதுங்க நெடுமாறன்" என்றார் முசியே எதுவார். "நாளைக்கு ஒருத்தன் நாக்கு மேல பல்லு போட்டுப் பேசக் கூடாது."

எழுதினேன். அந்த நேர்மையைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. அளவு அதிகாரியாக அவரே நியமிக்கப்பட்டது தற்செயல். சங்கத்தில் இருந்த ஒரே அளவுநாடா அவர் சட்டைப்பையில் இருந்தது. நியமித்தவரும் அவர்தான்.

விதிகளின் மருத்துவப் பயன் உடனே தெரிந்தது. பிரெஞ்சு தேசிய தினத்துக்காக நடக்கும் ஜூலை பதினாலு கோப்பை அந்த வருஷம் டிசம்பருக்குத் தள்ளிப்போய் நடந்தது. முசியே எதுவாரும் அவருடைய ஜோடி ஆட்டக்காரரும் ஜெயித்தார்கள். இறுதி ஆட்டத்தில் கடைசிப் புள்ளி ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம். 2021-இல் கோப்பை செப்டம்பரில் நடந்தது. மறுபடியும் முசியே எதுவார். மறுபடியும் ஒரு மில்லி. கொரோனாவுக்கு முன் பன்னிரண்டு வருஷம் ஆடியும் அவர் கால் இறுதியைத் தாண்டியதில்லை. சுத்தம், சுகாதாரம், ஒழுக்கம் இவை ஒரு மனிதனின் ஆட்டத்தை எப்படி உயர்த்துகின்றன பாருங்கள்! அவருடைய ஜோடி யார் என்று கேட்பீர்கள். அடியேன்தான்.

இரண்டு முறையும் தோற்றவர் பக்கிரி. பஞ்சாலையில் முப்பது வருஷம் நூல் ஓட்டி, ஆலை மூடிய பிறகு அரியாங்குப்பத்திலிருந்து தினமும் சைக்கிளில் பாலம் தாண்டி ஆட வருகிறவர். கொரோனாவுக்கு முன் ஐந்து வருஷம் கோப்பை அவருடையது. வயது எழுபத்தொன்று. வலது முட்டி போய்விட்டது. ஜோடி அவருடைய அண்ணன் மகள் கார்குழலி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். எங்களில் பாதிப் பேருக்கு ஊசி போட்டவள் அவள்தான். ஆகவே மருத்துவம் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது தலைவரின் கருத்து.

2022 ஜூன் மாதம் பொதுக்குழு கூடியது. அப்போது ஊரில் முகக்கவசம் கூடக் கட்டாயமில்லை. பஸ்ஸில் மூன்று பேர் இருக்கையில் ஐந்து பேர் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தார்கள். அந்த அபாயகரமான சூழ்நிலையில் தலைவர் எழுந்தார்.

"லிபெர்த்தே, எகாலித்தே..." என்று சுதந்திரம், சமத்துவத்தில் ஆரம்பித்து, மூன்றாவதான சகோதரத்துவத்துக்கு வந்தபோது கொஞ்சம் யோசித்தார். "சகோதரத்துவம் இருக்கலாம். ஆறடி தள்ளி இருக்கட்டும். நம்ம விதிங்களை நிரந்தரம் பண்ணிடலாம்னு முன்மொழியறேன்."

கார்குழலி கையைத் தூக்கினாள். "சார், கெவுர்மென்ட்டே எல்லாத்தையும் எடுத்துடுச்சு சார். ஆஸ்பத்திரியிலயே நாங்க வட்டம் போடறத விட்டு மாசக்கணக்காவுது."

"அதான் ஆஸ்பத்திரியில அவ்ளோ நோயாளிங்க" என்றார் தலைவர். கூட்டம் கைதட்டியது. நான் முதலில் தட்டினேன்.

பக்கிரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். "முசியே, நான் பெருசா ஒண்ணும் கேக்கல. அடுத்த மாசம் இருபதாந்தேதி முட்டி ஆபரேசன். அதுக்கப்புறம் மண்டி போடக் கூடாது, குனியக் கூடாதுன்னு டாக்டர் கண்டிசனா சொல்லிட்டாரு. ரெண்டு வருசமா தோக்கறேன். தோத்தா தோத்துட்டுப் போறேன். எம்மாம் தூரத்துல தோத்தேன்னு நானே குனிஞ்சு ஒரு வாட்டி பாக்கணும். அவ்ளோதான்."

"எதுக்குய்யா பாக்கணும்? அளந்து சொல்றோம்ல?"

"குனிஞ்சு பாக்கறதுக்குத்தான் முசியே நான் பாலந் தாண்டி வரேன். குண்டு வீசறதுன்னா என் வூட்டு வாசல்லயே வீசிக்குவனே."

முன்வரிசையில் சிலர் தலையாட்டினார்கள். எனக்குக்கூட ஒரு கணம் என்னவோ போலிருந்தது. தலைவர்தான் நிலைமையைக் காப்பாற்றினார். "நோய்க்கிருமிக்கு உன் முட்டி கதை தெரியுமாய்யா? ஓட்டெடுப்பு!"

கைகள் உயர்ந்தன. பொது நலன் கருதி, தலைவர் ஒருவரே தூர நின்று எண்ணினார். தீர்மானம் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது.

ஜூலை பதினாலு வந்தது. மரத்தில் மூவர்ணக் கொடி, வட்டங்களில் புதுச் சுண்ணாம்பு, மேசையில் கோப்பை, அதன் பக்கத்தில் சானிடைசர். இறுதி ஆட்டத்தில் ஒரு பக்கம் முசியே எதுவாரும் நானும். எதிரே பக்கிரியும் கார்குழலியும். நாங்கள் மளமளவென்று ஏறினோம். நான்கு புள்ளிகள் கண்ணால் பார்த்துக் கிடைத்தவை. எட்டு, நாடாவால் அளந்து கிடைத்தவை. நாடா தேவைப்படாத அளவுக்குக் கொஷோனேவை ஒட்டி ஒட்டி வீசித்தான் அவர்களும் பன்னிரண்டைப் பிடித்தார்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. இன்னும் ஒரே புள்ளி.

பக்கிரியின் கடைசிக் குண்டு கை நழுவிக் கொஷோனேவைத் தாண்டி வெகுதூரம் ஓடிவிட்டது. "முட்டி ஒத்துழைக்கல" என்று முனகியபடி நொண்டிக்கொண்டே போய், மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்த தம் வட்டத்தில் நின்றார். குண்டு அவர் காலடிப் பக்கமே கிடந்தது. தலைவர் அதற்கும் முன்பே ஒன்றை அதே பக்கம் ஓடவிட்டிருந்தார். ஆனால் அது ஒரு கல்லின் குற்றம். அவருடைய மற்றொரு குண்டு கொஷோனேவை முத்தமிடாத குறையாக நின்றது. கார்குழலியின் கையில் கடைசிக் குண்டு. எனக்கு மூன்றாவது கோப்பையின் பளபளப்பு கண்ணில் தெரிந்தது.

கார்குழலி துப்பட்டாவை இடுப்பில் செருகினாள். குறி பார்த்தாள். வீசினாள். டங்கென்று ஒரு சத்தம். தலைவரின் குண்டு தெறித்தது. அது கொஷோனேவை இடித்தது. கொஷோனே எழும்பிக் குதித்து, சரளையில் உருண்டு உருண்டு, பக்கிரியின் வட்டத்துக்குள் போய் அவர் செருப்புக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

இப்போது கணக்கு அங்கே கிடந்த இரண்டு குண்டுகளுக்கு நடுவில்தான். ஒன்று பக்கிரியுடையது, ஒன்று தலைவருடையது. எது கிட்டத்தில் என்று எங்கள் பக்கமிருந்து தெரியவில்லை; பக்கிரியின் கால் மறைத்தது. தலைவர் நாடாவை உருவிக்கொண்டு வேகமாக நடந்தார்.

"சார், நில்லுங்க!" என்றாள் கார்குழலி. "ஆறடி."

தலைவர் நின்றார். "நான் அளவு அதிகாரிம்மா."

"கொஷோனேகிட்ட நீங்க போலாம் சார். எங்க சித்தப்பாகிட்ட போவக் கூடாது. எவருக்கும் விலக்கில்ல, தலைவர் உட்பட." பலகையை விரலால் காட்டினாள். நான் சேர்த்து எழுதிய அந்த வரி அவ்வளவு தெளிவாக இருந்திருக்க வேண்டாம்.

"அப்ப பக்கிரி, நீ வெளிய வா!"

"அளவு சொல்றதுக்குள்ள வட்டத்த வுட்டு அசையக் கூடாதே முசியே. நிரந்தரம்னு போன மாசந்தான் தீர்மானம் போட்டோம்."

"கொஷோனேகிட்ட நீ நிக்கறியே, அது தப்பில்லையா?"

"நான் அதுகிட்ட போவல முசியே. அதுதான் எங்கிட்ட வந்துது."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் புரட்டினேன். விதிகளை எவ்வளவு ஓட்டையில்லாமல் எழுதியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. பக்கிரியைத் தவிர அந்த இடத்தில் அளக்கச் சட்டப்படி உலகத்தில் எவருக்கும் உரிமை இல்லை. சுற்றி நின்ற கூட்டம், "நாடாவக் குடுங்க! நாடாவக் குடுங்க!" என்று கத்த ஆரம்பித்தது. கார்குழலி சானிடைசரை நீட்டினாள். தலைவர் நாடாவுக்கு நாலு சொட்டு விட்டுத் துடைத்து, ஆறடி தூரத்திலிருந்து தரையோடு உருட்டி விட்டார்.

பக்கிரி குனிந்தார். முதலில் இடது கையை ஊன்றினார். பிறகு நல்ல முட்டியை மடக்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு கெட்ட முட்டியையும் தரையில் வைத்தார். கன்னம் சரளையைத் தொடுகிற அளவுக்குத் தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து வைத்துப் பார்த்தார். நாடாவை எடுக்கவே இல்லை. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"எங்களுதுதான்" என்றார் தரையிலிருந்தபடியே. "ஒரு மில்லி."

"ஒரு மில்லியா? அதெப்படி ஒரு மில்லி?" தலைவரின் குரல் கீச்சிட்டது. "தள்ளு, நான் பாக்கணும்!"

"ஆறடி, முசியே."

"நான் என் கண்ணால பாக்கணும்யா! தூர நின்னா எனக்கு எப்படித் தெரியும்?"

சொல்லிவிட்டு அவரே திகைத்துப்போனார். சுண்டல்காரர் இருமினார். கொரோனா வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அந்த இருமலுக்கு யாரும் பயப்படவில்லை.

தலைவர் முகக்கவசத்தைப் பிடுங்கித் தரையில் போட்டார். "நெடுமாறன்! அவசரப் பொதுக்குழு! எழுதுங்க! கட்டுப்பாடு எல்லாம் ரத்து! இந்த நிமிஷமே!"

நான் கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன். மை காய்வதற்குள் மொத்த மைதானமும் பக்கிரியின் வட்டத்துக்குள் இருந்தது. பத்துத் தலைகள் முட்டிக்கொண்டன. சுண்டல் கூடை கவிழ்ந்தது. தலைவர் மண்டியிட்டு, கிடந்த நாடாவை எடுத்து அளந்தார். இன்னொரு தடவை அளந்தார். பக்கிரியின் குண்டு தாராளமாக நாலு விரற்கடை கிட்டத்தில் இருந்தது. பிறவிக் குருடனும் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவான்.

"யோவ் பக்கிரி, நாலு விரல் இருக்குதே. ஒரு மில்லின்னு இன்னாத்துக்குய்யா சொன்ன?"

பக்கிரி எழுந்திருக்கக் கையை நீட்டினார். கார்குழலி ஒரு பக்கமும், வேறு வழியில்லாமல் நான் ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கினோம். "நம்ம கிளப்புல எப்பவுமே அவ்ளோதானே முசியே வித்தியாசம்?" என்றார்.

உலக சுகாதார அமைப்பு யோசித்து யோசித்து அடுத்த வருஷம் மே மாதத்தில்தான் அவசரநிலையை முடித்துவைத்தது. நாங்கள் முந்திக்கொண்டோம். எங்கள் நடவடிக்கைக் குறிப்பேட்டில் இன்றும் பார்க்கலாம்: "14.7.2022, மாலை 5.40. கொரோனா முடிந்தது. முன்மொழிந்தவர்: தலைவர். வழிமொழிந்தவர்: செயலாளர்." கீழே என் ரப்பர் ஸ்டாம்ப். நாடா எதிராளியின் வட்டத்துக்குப் போன அந்த நிமிஷம் நோய் ஒழிந்தது என்பதை மருத்துவ உலகம் இன்னும் கவனிக்கவில்லை.

பக்கிரிக்கு ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது. இப்போது நாற்காலி போட்டு உட்கார்ந்து, குனிகிறவர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார். தலைவரும் நானும் மறுபடி கால் இறுதியோடு வீடு திரும்புகிறோம். இருந்தாலும் கட்டுப்பாடுகள் அன்றாட வாழ்வில் நிலைக்க வேண்டும் என்ற என் கொள்கையில் மாற்றமில்லை. எங்கள் வீட்டு ஷோகேஸில் 2020, 2021 கோப்பைகள் இருக்கின்றன. பார்க்க யார் வந்தாலும் இன்றைக்கும் ஆறடி தள்ளித்தான் நிற்கச் சொல்கிறேன்.