மாப்பிள்ளை வீட்டாரின் சைக்கிள் சீற்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நான் மாப்பிள்ளையை ஒழுங்காகப் பார்க்கவில்லை. அவருடைய பெரியப்பாவின் சைக்கிள் சீற்றைத்தான் பார்த்தேன். பார்த்ததோடு நின்றிருந்தால் எங்கள் வீட்டு மானம் தப்பியிருக்கும். நான் அதைக் கழற்றினேன். (இதை வெளியில் ஒருவருக்கும் மூச்சு விடக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். பிறகு அவரே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. யுத்தத் தடையால் வன்னியில் பெற்றோல் மருந்துப் போத்தலில் வாங்குகிற சாமானாகிவிட்டது. பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி, கலியாணவீடு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் சைக்கிள்தான். சைக்கிளுக்கு ரயரும் ரியூப்பும் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். எங்கள் உடையார்கட்டு வீட்டில் மூன்று சைக்கிள்கள் நின்றன. அப்பாவின் பெரிய சைக்கிள், அண்ணன் கொழும்புக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன குனிந்த காண்டில் சைக்கிள், சித்தி தந்த லேடீஸ் சைக்கிள். விடிய எழும்பி மூன்றின் ரயரையும் அமத்திப் பார்ப்பேன். எதில் காற்று நிற்கிறதோ அதில் ஏறிப் புதுக்குடியிருப்புக்குப் போய் ரியூசன் வகுப்பில் கணக்குப் படிப்பிப்பேன்.

மூன்று சைக்கிளும் மூன்று விதமாக என்னைக் கொன்றன. ஒன்றில் முதுகின் அடியில் நாரி நோகும், ஒன்றில் தோள்மூட்டு நோகும், மற்றதில் சொல்லக்கூடாத இடம் நோகும். அப்போதுதான் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. (அது வேலை செய்யத் தொடங்கினால் வீட்டில் எல்லோரும் பயப்படுவார்கள்.) ஆள் ஒன்றென்றால் சீற்றும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று முதலில் முடிவெடுத்தேன். அண்ணனின் ஒடுங்கிய சீற்றைக் கழற்றி, அன்றன்றைக்கு எந்தச் சைக்கிளோ அதில் பூட்டிக்கொண்டு திரிந்தேன். சோக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்பானரும் என் பையில் இருந்தது. ஒரு மாதத்தில், கதிரையில் உட்கார்ந்து படிப்பிக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டேன். பிள்ளைகள் நான் கடும் கண்டிப்பு என்று நினைத்தார்கள்; எனக்கு இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பிறகுதான் உண்மை விளங்கியது. சீற்றை ஆளைப் பார்த்து மட்டும் தெரிவு செய்யக்கூடாது, கை பிடிக்கிற காண்டிலையும் பார்க்கவேண்டும். காண்டில் குனிந்திருந்தால் பாரத்தில் பாதி கையில் போகும், சீற் ஒடுங்கியிருக்கலாம். காண்டில் நிமிர்ந்திருந்தால் முழுப் பாரமும் பின்பக்கத்தில்தான், அதற்கு அகலமான ஸ்பிறிங் சீற் வேண்டும். அப்படியொரு சீற்றைச் சித்தியின் சைக்கிளுக்குத் தேடி நான் ஏறி இறங்காத சைக்கிள் கடை கிடையாது. என்னோடு படிப்பித்த ரீச்சர்மார் நான் சீற் கதை தொடங்கினாலே தண்ணீர் குடிக்க எழும்பிப் போய்விடுவார்கள்.

அந்த நேரத்தில்தான் ஒட்டுசுட்டானில் இருந்து சம்பந்தம் வந்தது. எனக்கு இருபத்தெட்டு வயது. முன்பு வந்த இரண்டும் சரிவரவில்லை. இதையும் விட்டால் இனி ஒருவரும் எங்கள் வாசல் படலையைத் திறக்கமாட்டார்கள் என்று அப்பா சாப்பாட்டு நேரமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா வைத்ததுதான் சட்டமாம், அவர் ஓமென்றால் ஓம், இல்லையென்றால் இல்லை. அதனால் அவர் மனம் கோணாமல் நடக்கவேண்டும் என்று அம்மா என் காதில் ஓதிக்கொண்டே சேலையைக் கட்டிவிட்டார்.

மாப்பிள்ளை, அவருடைய தாய், பெரியப்பா என்று மூன்று பேர் மூன்று சைக்கிளில் வந்தார்கள். அத்தனை தூரம் உழக்கி வந்த சைக்கிள்களை வெயிலில் விட்டால் ரயரின் ஒட்டுகள் விட்டுவிடும் என்று அப்பா அவற்றை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் மாமர நிழலில் கொண்டுபோய்ச் சாத்தினார். மாமரத்துக்கு நேர் எதிரே சமைக்கிற குசினி. குசினிக்குள் நான். கூப்பிடும்வரை பெண் குசினியை விட்டு வெளியே வரக்கூடாது என்பது ஒழுங்கு. (நான் குசினியின் முன் வாசலால் வெளியே வரவேயில்லை, பின் வாசலால்தான் போனேன்.)

ஐயோ, அந்தச் சீற்! பெரியப்பாவின் சைக்கிளில் இருந்தது. நல்ல அகலம், பின்னுக்கு இரண்டு தடித்த ஸ்பிறிங், மேலே தோல். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. மாப்பிள்ளை வந்ததற்கு அப்படி அடிக்கவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அளவு எடுத்தால் சைக்கிள் கடையில் ஒன்று சொல்லிச் செய்விக்கலாமே என்று சாண் போட்டுப் பார்த்தேன். அளந்தபிறகு அமத்திப் பார்க்காமல் விடலாமா? அமத்தியபிறகு ஏறி இருந்து பார்க்காமல் விடலாமா? இருந்தபிறகுதான் ஞானம் வந்தது. இது பெரியப்பாவின் சைக்கிள், இவருடைய காண்டில் வேறு, உயரம் வேறு. சித்தியின் சைக்கிளில் பூட்டிப் பார்த்தால்தான் சரியான முடிவு தெரியும். கணக்கு ரீச்சருக்கு இதுகூடத் தெரியாதா?

மூன்று நிமிடத்தில் கழற்றி, பூட்டி, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, சைக்கிளில் ஏறிக் கிணற்றடி வரைக்கும் ஒரு ஓட்டம் ஓடினேன். சொர்க்கம் என்பது கிணற்றடியில்தான் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. திரும்பி இன்னொரு ஓட்டம் ஓடினேன். மூன்றாவது ஓட்டத்தில் வாழைக்குக் கிட்ட வரும்போது அம்மாவின் குரல் கேட்டது. தேத்தண்ணி கொண்டு வரட்டாம்.

கை இரண்டும் கிறீஸ். சவர்க்காரமும் அந்தக் காலத்தில் எண்ணிப் பாவிக்கிற சாமான். சாம்பலில் தேய்த்துப் பார்த்தேன், கறுப்பு இன்னும் பரவியது. வேறு வழியில்லாமல் அப்படியே தட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். வெள்ளைக் கோப்பை ஒவ்வொன்றிலும் என் பெருவிரல் முத்திரை குத்தியதுபோல் பதிந்திருந்தது. மாப்பிள்ளையின் தாய் அதைப் பார்த்துவிட்டு, பிள்ளை அடுப்படி வேலையெல்லாம் தானே செய்கிறா போல என்று அம்மாவிடம் சந்தோசமாகச் சொன்னார். மாப்பிள்ளை கோப்பையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்துவிட்டு என் நகத்தைப் பார்த்தார். பெரியப்பா பயத்தம் பணியாரத்தைக் கடித்தபடி தன் முழங்காலை உருவிக்கொண்டிருந்தார். நான் கும்பிட்டுவிட்டு, வெட்கப்பட்டு ஓடுகிறவள்போல் ஓடினேன். (மிகவும் அடக்கமான பெண் என்று அதற்கும் ஒரு புள்ளி கிடைத்ததாம்.)

பெரியப்பாவின் சைக்கிளில் சீற்றைக் கிறீஸ் கையோடு திருப்பிப் பூட்டத் தொடங்கினேன். ஒரு பக்க நட்டு வழுக்கி, கூட்டிக் குவித்திருந்த மாஞ்சருகுக்குள் விழுந்துவிட்டது. தேட நேரமில்லை. முன்பக்கம் கதிரைகளை அரக்கி எழும்பும் சத்தம் கேட்டது. மற்றப் பக்க நட்டை மட்டும் கையால் இறுக்கிவிட்டு, ஒட்டுசுட்டான் வரைக்கும் தாங்கு பிள்ளையாரே என்று நேர்ந்துகொண்டு குசினிக்குள் புகுந்தேன்.

ஒட்டுசுட்டானை விடுங்கள், அது படலை வரைக்கும்கூடத் தாங்கவில்லை. பெரியப்பா வெளுத்த வேட்டியும் சால்வையுமாக, யோசித்துச் சொல்கிறோம் என்று அப்பாவிடம் கம்பீரமாகச் சொல்லிவிட்டு ஏறி இருந்தார். சீற் மூக்கை மேலே தூக்கியது. பெரியப்பா பின்பக்கமாக வழுக்கிக் கரியரில் குந்தி, அங்கிருந்து மணலில் போய் இருந்தார். சைக்கிள் மட்டும் தனியே போய் வேலியில் சாய்ந்தது.

அடி ஒன்றும் இல்லை. ஆனால் அவர் எழும்பி வேட்டியைத் தட்டிய விதத்திலேயே சம்பந்தம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவர் சைக்கிளை நிமிர்த்திப் பார்த்தார்.

"இது தன்பாட்டில கழண்டதில்லை. நட்டைக் காணேல்லை. ஆரோ வேணுமெண்டு செய்திருக்கினம்."

அப்பாவின் முகம் கறுத்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் அவருக்கும் எல்லை வேலியால் மூன்று மாதமாகக் கதைபேச்சு இல்லை. இது அவன் வேலைதான், பிள்ளையின் சம்பந்தத்தைக் குழப்பச் செய்திருக்கிறான் என்று கத்திக்கொண்டு அப்பா அந்தப் படலையை நோக்கி நடந்தார். அந்த மனிசனோ விடியத் தோட்டத்துக்குப் போனவர், இன்னும் வரவில்லை. அவருடைய மனைவி ஒன்றும் விளங்காமல் வாசலில் நின்றார். அம்மா என் கையை எட்டிப் பிடித்தார், நான் விடுவித்துக்கொண்டு ஸ்பானரோடு முற்றத்துக்கு வந்தேன்.

"கழட்டினது நான்தான் ஐயா."

எல்லோரும் திரும்பினார்கள். ஏன் பிள்ளை என்று பெரியப்பா கேட்டார். நான் சீற்றைக் காட்டினேன்.

"இருந்து பாக்க."

மாப்பிள்ளையின் தாய் என்னையும் சீற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிள்ளை, எங்கட மகனை எல்லோ பாக்கச் சொன்னது."

மாப்பிள்ளை அப்போது சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. அடக்கப் பார்த்தும் முடியாமல் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் அழுகிற நிலையில் மாமரத்தடிக்குப் போய்ச் சருகைக் கிளறத் தொடங்கினேன். அவரும் நட்டுத் தேட உதவி என்று வந்து குந்தினார். பெண்ணும் மாப்பிள்ளையும் தனியே கதைப்பது நடவாத காலம். ஆனால் நட்டுத் தேடக்கூடாது என்று ஒருவரும் சட்டம் வைத்திருக்கவில்லை.

எந்தச் சீற் நல்லது என்று மெதுவாகக் கேட்டார். பெரியப்பாவுடையதுதான் என்றேன். தன்னுடையது எப்படி என்று கேட்டார். கேட்டால் நான் சும்மா இருப்பேனா?

"உங்கட காண்டில் நிமிர்ந்தது, சீற் ஒடுங்கினது. ரெண்டும் பொருந்தாது. நாரி நோகுமே?"

அவர் கிளறுவதை நிறுத்திவிட்டார்.

"நோகுது. ரெண்டு வருசமா நோகுது. ஒருத்தரும் கேட்டதில்லை."

நான் அன்றைக்குத்தான், அந்த நிமிடத்தில்தான், மாப்பிள்ளையைப் பார்த்தேன். நல்ல கண். நட்டு என் விரலில் பட்டுவிட்டது, இருந்தும் இன்னும் கொஞ்ச நேரம் தேடினேன்.

பிறகு எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க முற்றத்தில் குந்தியிருந்து நட்டைப் பூட்டினேன். பெரியப்பா முழங்கால் உருவியது ஞாபகம் வந்தது; சீற் பதிந்திருந்தால் முழங்கால் நோகும் என்று, அவரிடம் கேட்காமலே சீற்றை இரண்டு விரல் உயர்த்திவிட்டேன். அவர் மூன்று தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு ஏறினார். படலையைத் தாண்டி உழக்கிக்கொண்டு போய்விட்டார். அப்பா எனக்கு நாலு நாள் முகம் தரவில்லை. நான் இரவும் பகலும் அந்தக் கண்ணையும் அந்தச் சீற்றையும் நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

மூன்று கிழமை கழித்து, ஒட்டுசுட்டான் பக்கம் போய்வந்த உறவுக்காரர் ஒருவரிடம் பெரியப்பா சொல்லியனுப்பியிருந்தார். முழங்கால் நோ குறைந்துவிட்டதாம். கேட்டவுடன் உண்மையைச் சொல்லுகிற பிள்ளை வீட்டுக்கு நல்லதாம். தங்கள் வீட்டில் இன்னும் நாலு சைக்கிள் நிற்கிறதாம், கலியாணத்துக்கு நாள் பார்க்கட்டாம். அப்பா பக்கத்து வீட்டுக்கு முதல் ஆளாகப் போய்ச் சொல்லிவிட்டு, அங்கேயே தேத்தண்ணியும் குடித்துவிட்டு வந்தார்.

போன வருசம் எங்கள் மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் புது வானில் வந்து இறங்கினார்கள். நான் குசினிக்குள் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். என்ர மனிசன் படலையடியில் அவர்களைக் கும்பிட்டு வரவேற்றுவிட்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னது குசினி வரைக்கும் கேட்டது.

"வாங்கோ, வாங்கோ. வானை மட்டும் பூட்டிப்போட்டு வாங்கோ. மனிசி வீட்டிலதான் நிக்கிறா."

சாரதி ஒன்றும் விளங்காமல் திரும்பிப் போய்க் கதவு நாலையும் பூட்டிவிட்டு, பூட்டியதா என்று இழுத்தும் பார்த்துவிட்டு வந்தார்.