பச்சைக்கொடி போட்டுப் பிடித்த இடம்

இருபத்திரண்டு வயதுவரை நான் ரயிலில் ஏறியதே இல்லை. பெரம்பலூர்க்காரனுக்கு ஏது ரயில்? எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பஸ்தான். அது நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கத் தெரியாதவனுக்கு எங்கள் ஊரில் பெண் கொடுக்கவே யோசிப்பார்கள். (நான் அதில் சூரன்.) அந்தச் சூரத்தனம்தான் என் அக்கா வீட்டுக்காரர் எடுத்த சினிமாவுக்கு எமனாக வந்தது.

மாமா பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். எழுபதுகளின் கடைசியில் நாலைந்து நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சொந்தமாகப் படம் எடுத்தார். நஷ்டத்தில் ஓடும் ஒரு சின்ன ரயிலை நிறுத்தப் போகிறார்கள், ஊர் ஜனம் அதைக் காப்பாற்றப் போராடித் தோற்கிறது, இதுதான் கதை. எனக்கு ஸ்டேஷன் மாஸ்டர் வேஷம். (நடிப்புக்காக இல்லை. அந்தக் கோட்டு எனக்குத்தான் பொருந்தியது.)

கடைசிக் காட்சிக்காக அரியலூர் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனுக்குப் போனோம். ஊர் ஜனமாக நடிக்க முப்பது பேரைப் பெரம்பலூரிலிருந்து நான்தான் பஸ்ஸில் கூட்டிப் போயிருந்தேன். மத்தியானப் பாசஞ்சர் காலியாக வந்து, ஒருத்தரும் ஏறாமல் காலியாகவே கிளம்ப வேண்டும். நான் பச்சைக்கொடி காட்ட, எல்லாரும் அழ வேண்டும். ஃபிலிம் அந்த ஒரு காட்சிக்குத்தான் மிச்சமிருந்தது. கேமராவும் சாயங்காலமே மெட்ராஸ் திரும்ப வேண்டும்.

“ஒரே டேக்குதான் மாப்ள. என் உசுரே ஒன் கையில இருக்கு,” என்றார் மாமா.

“கவலைய வுடுங்க மாமா.”

கேமராவைப் பார்க்காதீங்க, சிரிக்காதீங்க என்று கூட்டத்திடம் நூறு தடவை சொன்னார். ஏறாதீங்க என்று மட்டும் சொல்லவில்லை. பாவம், அதையும் சொல்ல வேண்டுமென்று அவருக்கு எப்படித் தெரியும்?

ரயில் வந்தது. என் முன்னால் ஒரு ஜன்னல் மெல்ல நகர்ந்தது. உள்ளே ஜன்னலோர சீட்டு காலி. அதற்கப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, என் கைதான் பொறுப்பு. பச்சைக்கொடி பறந்துபோய் அந்தச் சீட்டில் விழுந்தது. “எடம் போட்டாச்சு,” என்று வாய் தானாகக் கத்தியது. அதுவரை மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த முப்பது பேரும் துண்டை உதறினார்கள். அரை நிமிஷத்தில் பெட்டி நிரம்பிவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணன், “டிரைவருக்குப் பின்னாடி சீட்டு எங்கடா?” என்று தேடிக்கொண்டிருந்தார்.

ரயில் நகர்ந்ததும் மாமா பிளாட்பாரத்தில் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். ஐயோ, மனுஷர் ரயிலை விட்டுவிடுவாரே என்று எனக்குப் பதறியது. ஜன்னலில் தலையை நீட்டி, “ஓடியாங்க மாமா, ஒங்களுக்கும் சேத்துதான் போட்டுருக்கேன்,” என்றேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. 

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, பஸ் பிடித்துத் திரும்பினோம். கேமரா கிளம்பிப் போயிருந்தது. மாமா மட்டும் பெஞ்சில் இருந்தார்.

“ரயிலக் காப்பாத்தப் படம் எடுத்தேன். நீ ரயிலக் காப்பாத்திட்டு படத்தக் கொன்னுட்டியே மாப்ள.”

ஆறு மாசம் என்னோடு பேசவில்லை. படம் வெளிவரவே இல்லை, டப்பாக்கள் இன்னும் அக்கா வீட்டுப் பரணில் கிடக்கின்றன.

என் கல்யாணத்தன்று மணவறைக்குப் போனால், நான் உட்கார வேண்டிய பலகையில் அந்தப் பச்சைக்கொடி விரித்துக் கிடந்தது. பக்கத்தில் மாமா.

“ஒக்காரு மாப்ள. வேற எவனாச்சும் வந்து ஒக்காந்துடப் போறான்னு எடம் போட்டு வச்சேன்.”

சபை சிரித்தது. நான் தேம்பித் தேம்பி அழுதுவிட்டேன். மாமா குனிந்து காதோரம் சொன்னார்: “இத அன்னிக்கு அழுதிருக்கக் கூடாதாடா?”

இப்போது டி.வி. பார்த்து நான் கண் கலங்கினால்கூட என் பேத்தி அதையேதான் கேட்கிறாள்.