இருபது படிப் பொரி

ஆயுத பூசைக்கு அரிசியும் பொரியும் வாங்கிட்டு வரணும். அன்னைக்கு எனக்கு வேலை அவ்வளவுதான்.

அப்ப நான் கோவில்பட்டிக்குப் பக்கத்துல ஒரு தீப்பெட்டி ஆபீசுல கணக்கப்பிள்ளை. சேந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு. அங்க பூசைக்குப் பொங்கல் வைக்கது ராமலச்சுமி அக்கா. ஆபீசுல பெட்டி ஒட்டுதவிய.

"பொங்கலுக்குப் பச்சரிசி நாலு படி, பூசைக்குப் பொரி இருபது படி. மறந்துராதீங்க தம்பி"ன்னாவ.

டவுன் கடையிலயோ எல்லாம் கிலோ. சரி, மாத்திருவோம்னு, ஆபீசுல தீக்குச்சி மருந்து நிறுக்குத தராசுல ஒரு படி அரிசியை அளந்து கொட்டுனேன். ஒன்றரைக் கிலோ! அப்ப நாலு படிக்கு ஆறு கிலோ. சரியாப் போச்சு.

அதோட விட்டிருக்கலாம். அதே சூட்டுல இருபது படிப் பொரிக்கு முப்பது கிலோன்னு போட்டுட்டேன். போட்டது மட்டுமா? "இனிமே படியே வேண்டாம் மொதலாளி, எல்லாத்தையும் நான் கிலோவுல மாத்தித் தாரேன்"னு வேற சொல்லிட்டுக் கிளம்பினேன்.

அரிசி வாங்கியாச்சு. பொரிக்கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, பொரி முப்பது கிலோ."

கடைக்காரர் நிமிந்தாரு. "முப்பது கிலோவா? கோயில் கொடைவிழாவா தம்பி?"

"இல்ல, ஆபீஸ் பூசை."

"பெரிய ஆபீஸ் போல! வண்டி கொண்டாந்திருக்கியளா?"

"முப்பது கிலோவுக்கு எதுக்கு அண்ணாச்சி வண்டி? சைக்கிள் கேரியர்ல வச்சுக் கட்டிருவேன்."

அவரு என்னைப் பாத்த பார்வை இருக்கே! என் தெம்பை மெச்சுதாருன்னு நெனச்சுக்கிட்டேன்.

ஒரு காப்பி குடிச்சிட்டுத் திரும்பி வாரேன், கடை வாசல்ல அஞ்சு மூட்டை நிக்குது. ஒவ்வொண்ணும் என் நெஞ்சு உயரம்.

"யாருக்கு அண்ணாச்சி இம்புட்டு?"

"ஒங்களுக்குத்தான்."

"நான் முப்பது கிலோதான கேட்டேன்?"

"நிறுத்துப் பாத்துக்கிடுங்க."

நிறுத்தேன். மூட்டைக்குச் சரியா ஆறு கிலோ. பெறவு ஒரு படிப் பொரியை அளந்து தராசுல போட்டேன். நூத்தம்பது கிராம்! இருபது படிக்கு மூணு கிலோ போதும். நான் கேட்டது பத்து மடங்கு!

"அண்ணாச்சி... அரை மூட்டை போதும்."

"போதுமா? பக்கத்துக் கடையிலயும் வாங்கில்லா நெரப்பி வச்சிருக்கேன்! பூசை முடிஞ்சா பொரியை எவன் கேப்பான்?"

மாட்டுவண்டி பிடிச்சேன். சைக்கிளையும் அதுலயே ஏத்தியாச்சு. பாதி வழியில தூத்தல் விழுந்துது. கரிசல் மண்ணு நனைஞ்சாக் கேக்கணுமா? சக்கரம் பொதைஞ்சு வண்டி நின்னுட்டு.

"மூட்டையை எறக்குங்க"ன்னாரு வண்டிக்காரர். கைக்கு ஒண்ணா ரெண்டு மூட்டையைத் தூக்கிட்டுக் குதிச்சேன்.

பக்கத்துப் புஞ்சையில களையெடுத்த பொம்பளைங்க அப்படியே நிமிந்துட்டாவ. "ஏட்டி, அங்கன பாரு! அம்மாம் பெரிய மூட்டையை ஒத்தைக் கையில தூக்குதாரு!"

அன்னைக்கு எனக்குக் கெடைச்ச ஒரே மரியாதை அதுதான். மூட்டைக்குள்ள என்னன்னு நான் மூச்சு விடலை.

ஆபீஸ் வந்து சேரும்போது ரெண்டு மூட்டை நனைஞ்சு சொதசொதன்னு இருந்துது. மொதலாளி வாசல்லயே நின்னாரு.

"என்னவே கணக்கப்பிள்ளை, எனக்குத் தெரியாமப் பொரி ஆபீஸ் ஆரம்பிச்சிட்டீரா?"

நடந்ததைச் சொன்னேன். ராமலச்சுமி அக்கா சேலை முந்தியால வாயைப் பொத்திக்கிட்டு அப்படியே சுவத்துல சாஞ்சுட்டாவ. வேலை போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன்.

"என்னை நிறுத்திருவியளா மொதலாளி?"

"ஒம்மை நிறுத்திட்டா இதை எவன் திம்பான்? மொதல்ல நீரு தின்னு தீரும். பெறவு பேசுவோம்."

நனைஞ்ச பொரியை அக்கா உப்புமாவாக் கிண்டுனாவ. மிச்சத்தை ஆளுக்கொரு பை கட்டிக் கொடுத்தோம். வேண்டாம்னவங்களுக்கு ரெண்டு பை. எனக்கு மூட்டை.

மறு வருசப் பூசைக்கு மொதலாளி என்னைத் தேங்காய் வாங்க மட்டும் அனுப்பினாரு. அதுக்கு எண்ணத் தெரிஞ்சாப் போதுமாம்.