ரெண்டு சட்டை வரைந்த சக்கரம்

தம்மைத் தாமே திட்டிக்கொள்கிறவர்கள் ஊருக்கு நூறு பேர் உண்டு. அதற்கென்று தனியாக ஒரு சட்டை வைத்திருந்தவர், எனக்குத் தெரிந்து, மரக்காணத்தில் ஒருவர்தான். ஊர் அவரை ‘ரெண்டு சட்டை’ என்றது.

2005-ல் ஈ.சி.ஆர். ஓரத்து மாடி அறை ஒன்றில், உப்பளப் பம்புகளுக்கான உதிரிபாகங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து பட்டறைகளுக்கு அனுப்புவது அவர் தொழில். பிரிண்ட் போடுவது என் வேலை. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ‘வரைந்தவர்’, ‘சரிபார்த்தவர்’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். வரைந்த கண்ணுக்குத் தன் தப்பு தெரியாது என்பது அவர் கட்சி. இன்னொரு ஆளை வைத்துக்கொள்ள வசதி இல்லை. ஆகவே நீலச் சட்டையில் வரைவார். பிறகு பீரோவுக்குப் பின்னால் போய் வெள்ளைச் சட்டைக்கு மாறி, வெளியே சென்று, கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருவார். தன் காலி நாற்காலியைப் பார்த்து ஆரம்பிப்பார்:

“ஏண்டா, ஓட்டைக்கு அளவு எங்க? பட்டறைக்காரன் ஜோசியம் பாக்கணுமா?”

முதல் வாரம் பயந்தேன். இரண்டாம் வாரம் வெள்ளைச் சட்டைக்கு எழுந்து நின்று வணக்கம் சொன்னேன்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் ஓர் உப்பள முதலாளி உடைந்த சக்கரத்தோடு வந்தார். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம் அது. புதுசு வார்க்க வேண்டும். நாலு மணி பஸ்ஸில் படம் போகாவிட்டால், வார்ப்பதற்குள் பாண்டிச்சேரி வார்ப்புப் பட்டறையைப் பொங்கலுக்காகப் பத்து நாள் பூட்டிவிடுவார்கள். தண்ணீர் ஏறாமல் உப்புப் பாத்தி காயும், இருபது பேருக்கு வேலை இருக்காது.

மூன்றேகாலுக்குப் படம் தயார். முதலாளி கையை நீட்டினார்.

“செக் பண்றவர் வரலீங்களே,” என்றது நீலச் சட்டை.

“எப்ப வருவாரு?”

“சட்டை மாத்தணும்.”

வெள்ளைச் சட்டை கதவைத் தட்டி வந்தது. படத்தைப் பார்த்தது. உடைந்த சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தது. காலி நாற்காலியிடம் நிதானமாகச் சொன்னது:

“டேய், கவுத்து வச்சு அளந்திருக்க. இறக்கை எல்லாம் எதிர்ப்பக்கம் வளையுது. இது சுத்தும், தண்ணி ஏறாது.”

முதலாளி தலையில் கைவைத்தார். “அப்படியே உக்காந்து திருத்திடுங்க சார்.”

“செக் பண்றவன் படத்தத் தொடக் கூடாதுங்க.”

“நீங்களாவது அவர்கிட்ட வேகமா முடிக்கச் சொல்லுங்க.”

“சொல்றேன். ரோஷக்காரன், கேக்கணும்.”

நீலச் சட்டை வந்து திருத்தியது. மறுபடி வெள்ளைச் சட்டை வந்து கையெழுத்திட்டது. அதற்குள் முதலாளி சாலைக்கு ஓடி பஸ்ஸின் முன்னால் நின்றுவிட்டார். நான் படத்தைச் சுருட்டி மாடி ஜன்னல் வழியே அவரிடம் எறிந்தேன்.

பொங்கல் கழிந்து பம்பு ஓடியது. முதலாளி ஒரு புது வெள்ளைச் சட்டையோடு வந்தார். “செக் பண்ண சாருக்கு,” என்றார்.

ரெண்டு சட்டை அதை வாங்கிக்கொண்டார். முதலாளி போனதும் அதைப் பீரோவுக்குப் பின்னால் மாட்டினார். பிறகு மெல்லக் கேட்டார்: “வரைஞ்சவனுக்கு ஒண்ணும் இல்லையாப்பா?”

சம்பளம் வந்ததும் ஒரு நீலச் சட்டை வாங்கி பீரோவுக்குப் பின்னால் மாட்டினேன். அவர் அதைப் போட்டுக்கொண்டு வரைய உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் வெள்ளைச் சட்டை கதவைத் தட்டி வந்து, படத்தைப் பார்த்துவிட்டு, காலி நாற்காலியிடம் முதல்முறையாகச் சொன்னது: “நல்லா வரைஞ்சிருக்க தம்பி. வீட்டுக்குப் போ.”