பிளைவுட் ரேஸ் கார்

"மலரு, நான் ரேஸ் கார் ஓட்டப் போறேன்" என்று வெள்ளைச்சாமி அறிவித்தபோது பாதி இட்லி கையில் இருந்தது. மீதிப் பாதி வாயில் இருந்தது. அதனால் முதல் தடவை மலர்க்கொடிக்கு ஒன்றும் விளங்கவில்லை. முழுங்கிவிட்டு மறுபடி அறிவித்தார்.

"காரா? நம்மகிட்ட ஏதுங்க காரு?"

"கார் எதுக்கு? வீட்டுக்குள்ளயே ஓட்டப் போறேன்."

மலர்க்கொடி சட்னிக் கரண்டியை வைத்துவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. அப்படியென்றால் விஷயம் பெரிசுதான்.

வெள்ளைச்சாமி துவாக்குடியில் ஒரு சின்ன கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டில் மாடி வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறார். தங்கமான மனுஷர். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தில் ஏறினால், பின்னால் சைக்கிளில் வருகிறவர் பெல் அடித்து வழி கேட்பார். அவ்வளவுதான் அவர் வேகம். இப்பேர்ப்பட்டவருக்கு, மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனபோது விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டரில் ஒரு கார் ரேஸ் விளையாட்டு அகப்பட்டது. மணிக்கு இருநூற்று எண்பது கிலோமீட்டர்! முட்டினால் ரத்தம் வராது, போலீஸ் வராது, பெட்ரோலும் வேண்டாம். மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. செகண்ட் ஹேண்டில் ஸ்டீயரிங்கும் பெடலும் வாங்கிச் சாப்பாட்டு மேசையில் மாட்டினார். வளைவு வந்தால் கார் திரும்பியதோ இல்லையோ, மேசை திரும்பியது. ஒருநாள் ரசக் கிண்ணமே மடியில் வந்து உட்கார்ந்தது.

அதனால்தான் இந்தத் தீர்மானம். ரேஸ் காரில் ஓட்டுகிறவர் உட்காரும் கூட்டுக்குக் காக்பிட் என்று பேராம். அதை மரத்திலேயே அடித்துவிடுவது. சாய்ந்த சீட்டு, கைக்கு எதிரே ஸ்டீயரிங் பலகை, கீழே பெடலுக்கு ஒரு பலகை. இனி ரசம் இருக்கிற இடத்தில் இருக்கும்.

"சரி, எங்க வைப்பீங்க?"

"முன் ரூம்ல. ஜன்னலோரமா."

அங்கேதான் வில்லங்கம். ஜன்னலோரம் மலர்க்கொடியின் தையல் மிஷின் இருக்கிற இடம். அந்தத் தெருவில் பாதிப் பேர் போட்டிருக்கிற ஜாக்கெட் அவள் தைத்ததுதான். மோட்டார் வைத்த மிஷின், காலால் அழுத்தினால் ஓடும். உட்கார மட்டும் முதுகில்லாத ஒரு ஸ்டூல். சாயங்காலம் ஆனால் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பாள்.

"வெளிச்சம் அங்கதாங்க வருது. மெரூனுக்கும் அரக்குக்கும் வித்தியாசம் தெரிஞ்சாத்தானே நூல் போட முடியும்?"

"சமையக்கட்டு ஓரமாப் போட்டுக்க. ட்யூப் லைட் மாட்டித் தரேன்."

"தீபாவளித் துணி மலை மாதிரி குமிஞ்சு கெடக்குதுங்க."

"ஒரு மனுஷன் வாழ்க்கையில ஒண்ணு ஆசைப்படக் கூடாதா மலரு?"

அவள் தன் முதுகில்லாத ஸ்டூலை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "சரிங்க, கட்டுங்க" என்றாள். இவ்வளவு சீக்கிரம் "சரிங்க" வந்தால் ஒரு புருஷன் சுதாரிக்க வேண்டாமோ? இவர் இன்னொரு இட்லி கேட்டார்.

மரக்கடை ஸ்டாப் பக்கத்தில் பிளைவுட் கடை வைத்திருக்கிற ஹாலித் இவருக்குச் சிநேகிதர். ரேஸில் போட்டியாளரும் அவர்தான். இரண்டு பேரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு இன்டர்நெட்டில் ஒரே பாதையில் ஓட்டுவார்கள். ஹாலித் வீட்டில் மேசை அசையாது, அது தேக்கு.

"அண்ணே, வெட்டி மிஞ்சின பிளைவுட்டு நிறைய இருக்கு. சட்டம் அடிக்க ரீப்பர் கட்டையும் தரேன். ஆனா கட்டி முடிச்சாலும் என்னை ஜெயிக்க முடியாது, பாத்துக்கங்க" என்றார் ஹாலித்.

"பாப்போம்டா தம்பி" என்றார் வெள்ளைச்சாமி. வண்டி வைத்து மரம் வந்து இறங்கியது. ஒரு பழைய வேன் சீட்டும் பாலக்கரையிலிருந்து வந்து சேர்ந்தது.

அறுக்கிற வரைக்கும் எல்லாம் சுகமாகத்தான் இருந்தது. பொருத்துவதற்கு அளவு எடுக்கும்போதுதான் முழி பிதுங்கியது. சீட்டில் உட்கார்ந்தால் பென்சில் எட்டவில்லை. பென்சில் எட்டினால் சீட்டில் ஆள் இல்லை. தானே உட்கார்ந்து தானே குறித்துப் பார்த்ததில் காதோரம் மூன்று கோடு விழுந்ததுதான் மிச்சம்.

"தள்ளுங்க, நான் உக்கார்றேன். நீங்க குறிங்க" என்று மலர்க்கொடி வந்தாள். கழுத்தில் எப்போதும் தொங்குகிற இஞ்ச் டேப்போடுதான் வந்தாள்.

வெள்ளைச்சாமிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பாரேன், எதிர்ப்பாள் என்று நினைத்தோம், கூட வந்து உட்காருகிறாளே!

"இந்தப் பலகை இன்னும் ரெண்டு இஞ்ச் கீழ இருந்தா தோள்பட்டை வலிக்காதுங்க."

"அப்படியா? சரி."

"சீட்டை இவ்வளவு சாய்க்காதீங்க. முதுகு நிமிந்து இருக்கணும்."

"ரேஸ் கார்ல படுத்த மாதிரிதான் இருப்பாங்க மலரு."

"அவங்களுக்கு எல்லாம் இருபது வயசு. உங்களுக்கு இடுப்பு புடிச்சா யாரு தைலம் தேய்க்கிறது?"

அதுவும் நியாயம்தானே. நிமிர்த்தினார். பெடல் பலகையை அவள் கால் எட்டுகிற இடத்தில் அறைந்தார். எல்லாம் முடிந்து, வார்னிஷ் காய்ந்து, தானே ஏறி உட்கார்ந்தபோது முழங்கால் இரண்டும் பலகையில் 'ணங்'கென்று இடித்தது. பரவாயில்லை, ரேஸ் கார் என்றால் இடுக்கமாகத்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மிஷின் சமையல்கட்டு ஓரத்துக்குப் போயிற்று. காக்பிட் ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டது.

பத்து நாள்கூட ஆகவில்லை. மெரூன் ஜாக்கெட்டுக்கு அரக்கு நூல் விழுந்துவிட்டது என்று ஒரு அம்மாள் வந்து கத்திவிட்டுப் போனாள். மலர்க்கொடி முகம் சிவந்து போனாள். "எனக்கு என் ஜன்னல் வேணுங்க" என்றாள், நேருக்கு நேராக.

வெள்ளைச்சாமி வீரத்தின் உச்சியில் இருந்தார். "ஒரு பந்தயம் வெச்சுக்குவோமா? நான் ஹாலித்தை ஜெயிச்சுட்டா காக்பிட் ஜன்னலோரம் நிரந்தரம். அப்புறம் அதைப் பத்திப் பேச்சே எடுக்கக் கூடாது."

"தோத்துட்டா?"

"தோத்துட்டா அது உன் சொத்து. ஒடச்சு அடுப்புல போட்டாலும் ஏன்னு கேக்க மாட்டேன்."

"என்னிக்கு?"

"ஆயுத பூஜை அன்னிக்கு. கம்பெனி லீவு. சாயங்காலம் ஆறு மணி."

"ஆயுத பூஜை அன்னிக்கேவா? நல்லா யோசிச்சுக்கங்க."

"யோசிச்சாச்சு, யோசிச்சாச்சு!" என்று உடனே ஹாலித்துக்குப் போன் போட்டார். ஹாலித்திடம் ஒரு கெட்ட பழக்கம், தோற்கிற மாதிரி இருந்தால் கடையில் லோடு வந்துவிட்டது என்று நழுவிவிடுவார். அதனால் வெள்ளைச்சாமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவை சாக்குப்போக்கு கிடையாது தம்பி. அன்னிக்கு, அந்த நேரத்துக்கு வராதவன் தோத்தவன்!" ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார். மலர்க்கொடி தலையை ஆட்டிக்கொண்டாள்.

ஆயுத பூஜையும் வந்தது. காந்தி மார்க்கெட்டிலிருந்து பொரி, பூசணிக்காய், வாழைக்கன்று எல்லாம் வாங்கி வந்தார். மலர்க்கொடி தையல் மிஷினைத் துடைத்துப் பொட்டு வைத்தாள். கத்திரிக்கோல், இஞ்ச் டேப், அரிவாள்மனை, மகளின் பழைய புத்தகம் எல்லாம் சாமி முன்னால் வரிசையாக ஏறின.

"உங்க பங்குக்கு என்னங்க வைக்கிறது? அந்தத் துருப்பிடிச்ச ஸ்பேனரா?"

வெள்ளைச்சாமிக்குச் சுருக்கென்றது. "என் ஆயுதம் அதோ நிக்குதே, கண்ணு தெரியலையா?"

"எது? அந்த விளையாட்டு சாமானா? அய்யய்ய, அதெல்லாம் சாமி முன்னால வைக்கக் கூடாதுங்க. ஊரு சிரிக்கும்."

"விளையாட்டு சாமானா! வேர்வை சிந்தி அறுத்திருக்கேன்டி. மிஷின் ஆயுதம்னா அதுவும் ஆயுதம்தான்."

"வேணாங்க, சொன்னாக் கேளுங்க."

"வெச்சே தீருவேன்!"

"ஸ்டீயரிங்குக்கு எல்லாம் போய்ப் பொட்டு வைப்பாங்களா?"

"பஸ்காரன் வைக்கல? லாரிக்காரன் வைக்கல? குடு இப்படி சந்தனத்தை!"

மலர்க்கொடி வேறு வழியில்லாதவள் போலக் கிண்ணத்தை நீட்டினாள். வெள்ளைச்சாமி தன் கையாலேயே ஸ்டீயரிங்குக்குச் சந்தனம் தடவினார், குங்குமம் வைத்தார். சீட்டுக்கு ஒரு முழம் பூ. பெடல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு. தானே சூடம் காட்டி, தானே கன்னத்தில் போட்டுக்கொண்டார். காக்பிட் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஜொலித்தது. சுண்டலை இரண்டு கிண்ணம் தின்றுவிட்டு மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினார்.

ஐந்தே முக்காலுக்கு எழுந்தார். முகம் கழுவினார். பனியனுக்கு மேல் கோடு போட்ட டீ-ஷர்ட். கையில் விரல் வெட்டின கிளவுஸ். விரலை நெட்டி முறித்துக்கொண்டு காக்பிட்டை நோக்கி நடந்தார்.

"எங்கங்க கிளம்பிட்டீங்க?"

"ரேஸுக்குத்தான்."

"எதுல?"

வெள்ளைச்சாமி ஸ்டீயரிங்கைப் பார்த்தார். அது சந்தனமும் குங்குமமுமாக அவரைப் பார்த்தது.

"பூஜையில வெச்சதை மறுநாள் மறுபூஜை போட்டு எடுக்கிற வரைக்கும் தொடலாமாங்க?" என்று மலர்க்கொடி ரொம்பப் பணிவாகக் கேட்டாள்.

"அது... ஒரு அரை மணி நேரம்தானே மலரு... சாமி ஒண்ணும் நினைச்சுக்காது."

"போன வருஷம் எதிர் வீட்டம்மா ஒத்தக் கொக்கி வைக்கச் சொல்லிக் கெஞ்சினாங்க. நான் கத்திரிக்கோலைத் தொடப் போனேன். நீங்க என்ன சொன்னீங்க? 'குடும்பம் வெளங்குமா'ன்னு கத்துனீங்களா இல்லியா?"

கத்தினார்தான். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். பாவம், அன்றைக்கு அவருக்குச் சுண்டல் வர நேரமாகிவிட்ட கோபம்.

"அது கத்திரிக்கோல், ஆயுதம். இது வந்து... விளையாட்டு சாமான்தானே?"

"விளையாட்டு சாமானா! இதுவும் ஆயுதம்தான்னு சூடம் காட்டினது யாரு?"

மனுஷர் மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தார். ஆறு மணிக்கு டாண் என்று போன் அடித்தது.

"அண்ணே, நான் ரெடி. எங்க உங்களைக் காணோம்?"

"தம்பி, ஒரு சின்ன சிக்கல். வண்டி பூஜையில இருக்கு. நாளைக்கு வெச்சுக்கலாமே?"

"எனக்கு ஆட்சேபணை இல்லண்ணே. சாமிகிட்ட வெச்சதைத் தொடாதீங்க. நாளைக்கே..."

"ஹாலித் தம்பி" என்று மலர்க்கொடி ஸ்பீக்கரை அமுக்கினாள். "வராதவன் தோத்தவன்னு உங்க அண்ணன் சொன்னாரா இல்லியா?"

"சொன்னாருங்க அண்ணி."

"அப்ப நீங்க ஓட்டுங்க."

ஹாலித் ஓட்டினார். தன்னந்தனியாக ஓட்டினார். முடித்துவிட்டு மறுபடி கூப்பிட்டார். "அண்ணே, தனியா ஓட்டியும் ரெண்டு தடவை செவுத்துல முட்டிட்டேன். இருந்தாலும் நான்தான் முதல்."

வெள்ளைச்சாமிக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு மாசம் அறுத்ததும் தேய்த்ததும் கண்முன் வந்தன. நாளைக்கு அடுப்புக்குப் போகப் போகிறதே என்று இரவெல்லாம் ஜன்னல் பக்கமே திரும்பிப் படுத்திருந்தார்.

காலையில் விஜயதசமி. மறுபூஜை முடிந்தது. பால் வாங்கி வாருங்கள் என்று மலர்க்கொடி அனுப்பினாள். சோகமாகப் போனவர், போன இடத்தில் இரண்டு பேரிடம் அரசியல் பேசித் தேறிக்கொண்டு திரும்பினார். மாடிப்படி ஏறும்போதே சத்தம் கேட்டது. 'டகடகடகடக.' அடுப்பில் எரிகிற சத்தம் இல்லை. தைக்கிற சத்தம்.

உள்ளே போனார். ஜன்னலோரம் காக்பிட் அப்படியே நின்றது. ஸ்டீயரிங் இருந்த இடத்தில் தையல் மிஷின் உட்கார்ந்திருந்தது. பெடல் பலகையில் ஆக்ஸிலரேட்டரைக் கழற்றிவிட்டு மிஷினின் கால் பெடலை மாட்டியிருந்தாள். வேன் சீட்டில் முதுகை நிமிர்த்திச் சாய்ந்துகொண்டு, காலை வெளிச்சத்தில் அரக்கு ஜாக்கெட்டை அரக்கு நூலால் பறக்கவிட்டுக்கொண்டிருந்தாள் மலர்க்கொடி.

"அநியாயம்! என் காக்பிட்டு!"

"நம்ம ஒப்பந்தப்படி என் சொத்துங்க."

"அது சரி, மிஷின் எப்படி இவ்வளவு கச்சிதமா உக்காந்துச்சு? பலகை உயரம், கால் எட்டுறது, முதுகு..."

"நல்லாயிருக்கே கதை. உக்காந்து அளவு குடுத்தது யாரு? அளவு குடுத்தவங்களுக்குத்தானே சட்டை பொருந்தும்?"

வெள்ளைச்சாமி தொப்பென்று தரையில் உட்கார்ந்தார். முதல் நாளிலிருந்தே தான் கட்டியது இவளுக்குத் தையல் மேசை என்பது இப்போதுதான் உறைத்தது. கோபப்படலாம் என்று பார்த்தார். ஆனால் அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இடுப்பைப் பிடிக்காமல் அவள் சிரித்து எத்தனை காலமாயிற்று! அதைப் பார்த்ததும் இவருக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது.

"அருமையாக் கட்டியிருக்கீங்க. நிஜமாத்தான் சொல்றேன்" என்றாள் அவள். "அதனால ஒண்ணு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மிஷினைக் கழட்டிட்டு உங்களுக்கு விட்டுத் தரேன். ஆசை தீர ஓட்டுங்க."

"நெசமாவா மலரு?"

"நெசமாத்தான்."

வெள்ளைச்சாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மளமளவென்று எழுந்தார். டீ போட்டுக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். கேட்காமலேயே கொக்கி டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கவும் உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஹாலித்தை ஒரு கை பார்த்துவிட வேண்டியதுதான்.

மிஷின் நின்றது. மலர்க்கொடி குனிந்து காலடியைப் பார்த்தாள்.

"ஏங்க, இந்த பிரேக்கு காலை இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நீங்க பால் வாங்கப் போயிருந்தப்ப பழைய இரும்புக்காரன் வந்தான், கழட்டிப் போட்டு பேரீச்சம்பழம் வாங்கிட்டேன். சாப்புடுறீங்களா?"